திரைக்கதை எழுதப் பழக எந்த வழி நல்லது? புத்தகம், பயிற்சி வகுப்பு, உதவி இயக்கம், குறும்படம், சிறுகதைத் தழுவல்: ஓர் ஒப்பீடு

திரைக்கதை எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் நான்கு பேரிடம் வழி கேட்டால் நான்கு விதமான விடை கிடைக்கிறது. முதலில் புத்தகங்களைப் படி என்பார் ஒருவர். ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிடு என்பார் இன்னொருவர். ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேராமல் எதுவும் விளங்காது என்பார் மூன்றாமவர். கைப்பேசியை எடுத்து ஒரு குறும்படம் பண்ணு, மற்றதெல்லாம் தானாக வரும் என்பார் நான்காமவர். இந்த நான்கு வழிகளிலும் நல்ல எழுத்தாளர்கள் உருவாகியிருக்கிறார்கள். நான் தேர்ந்துகொண்டது ஐந்தாவதான ஒரு வழி. அச்சில் வந்த ஒரு நல்ல தமிழ்ச் சிறுகதையை எடுத்து, பத்துப் பதினைந்து நிமிடத் திரைக்கதையாக மாற்றி எழுதி, அந்தக் கதையைப் படித்திராதவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தி எழுதுவது. இந்த வழியிலேயே தொடர்ந்து எழுதிவருகிறேன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற வழிகளில் எனக்கு அனுபவம் குறைவான இடங்களையும் அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன்.

அடிப்படை என்று நான் இங்கே சொல்வது சில திறன்களை மட்டும்தான். கண்ணால் காணவும் காதால் கேட்கவும் முடிகிறதை மட்டுமே எழுதுவது. ஒரு காட்சி தொடங்கும்போது இருந்த நிலை அது முடியும்போது மாறியிருக்கும்படி அமைப்பது. பார்வையாளருக்கு எந்தச் செய்தியை எப்போது சொல்வது, எதுவரை ஒளித்து வைப்பது என்று தீர்மானிப்பது. பாத்திரம் தன் மனத்தில் உள்ளதை நேரடியாகச் சொல்லாமலேயே அது தெரியும்படி வசனம் எழுதுவது. எழுத்து வடிவம் பற்றிய குழப்பம் புதியவர்களிடம் அதிகம். ஆனால் காட்சி எண், உட்புறமா வெளிப்புறமா, இடம், பகலா இரவா என்ற தலைப்பு வரி, அதன் கீழே நிகழ்காலத்தில் எழுதிய செயல், பேசுகிறவர் பெயர், வசனம் என்ற அமைப்பை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம். தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் காட்சியையும் வலப்பக்கம் வசனத்தையும் எழுதும் பழைய முறையும் நம் திரையுலகில் உண்டு. கற்கும் காலத்தில் இரண்டில் எது ஆனாலும் சரி. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு, கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்படும் அமெரிக்கத் திரைக்கதைக்கு உரியது. தமிழில் எழுதுகிறவர் அதை நம்புவதைவிட, எழுதியதை நிதானமாக வாசித்து நேரம் பார்ப்பதே துல்லியமானது. எந்த மென்பொருள் என்ற கேள்விக்கும் இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டியதில்லை. தமிழில் தட்டச்சு செய்ய வரும் எதுவும் போதும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு எனக்கு முக்கியமாகத் தோன்றும் அளவுகோல் ஒன்றே. செலவு, காலம், கிடைக்கும் தொடர்புகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. எழுதிய காட்சி சரியாக அமையாதபோது, தவறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்த வழி எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதே அந்த அளவுகோல். புதிதாக எழுதுகிறவரின் காட்சி சரியாக அமையாமல் போவது இயல்பு, அதில் வருந்த ஒன்றும் இல்லை. ஆனால் கதையே பலவீனமானதா, கதை நன்றாக இருந்தும் காட்சிகளின் வரிசை தவறா, வரிசை சரியாக இருந்தும் வசனம் கெடுத்துவிட்டதா என்று தெரியாமல் போனால், அடுத்த முறை எதைத் திருத்துவது என்பதும் தெரியாது. அப்படி எழுதுகிறவர் பத்துத் திரைக்கதைகள் எழுதினாலும் முதல் திரைக்கதையின் குறையையே பத்து முறை எழுதிக்கொண்டிருப்பார். ஆகவே ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியைக் கொண்டே பார்க்கிறேன்.

புத்தகங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். திரைக்கதை கற்பித்த அமெரிக்கர் சிட் ஃபீல்டின் ‘ஸ்கிரீன்ப்ளே’ நூல் 1979இல் வந்ததிலிருந்து, தொடக்கம், மோதல், தீர்வு என்ற மூன்று பகுதி அமைப்பும், கதை திசை திரும்பும் இரு முனைகளும் உலகெங்கும் பாடமாகிவிட்டன. தமிழில் சுஜாதாவின் ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ பலருக்கு இந்தத் துறையின் வாசலைத் திறந்துவிட்ட நூல். ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. புத்தகங்கள் தருவது பெயர்களும் வரைபடமும். அவை தேவையானவையே. ஆனால் இரண்டு மணி நேர ஹாலிவுட் படத்தை மனத்தில் கொண்டு முப்பது, அறுபது, முப்பது பக்கங்கள் என்று வகுத்த கணக்கு, நடுவில் இடைவேளை விட்டு, பார்வையாளரை எழுப்பி வெளியே அனுப்பி, மறுபடியும் உள்ளே அழைத்து உட்கார வைக்கும் நம் படத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. நம் கதை விவாத அறைகளில் இண்டர்வெல் பிளாக், அதாவது இடைவேளைக்கு இட்டுச் செல்லும் காட்சி, எது என்ற கேள்வி எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும்.

இதைவிடப் பெரிய குறை வேறு. புத்தகம் என் பக்கத்தைப் படிப்பதில்லை. முடிந்துபோன, வெற்றிபெற்ற படங்களை எடுத்து அவை ஏன் சரியாக இருக்கின்றன என்று அது விளக்குகிறது. நான் எழுதிய காட்சி ஏன் சரியாக இல்லை என்பதற்கு அதில் விடை கிடையாது. புத்தகங்களை மட்டுமே படித்தவர்கள் அடுத்தவர் படத்தின் இரண்டாம் பாதி ஏன் தொய்கிறது என்பதை மிகச் சரியாகச் சொல்கிறார்கள். அதே தொய்வு தாங்கள் எழுதியதில் இருக்கும்போது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு புத்தகம் போதும், அதையும் இரண்டு மூன்று திரைக்கதைகள் எழுதிய பிறகு மறுபடி படித்தால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்பது என் கருத்து. அச்சில் கிடைக்கும் திரைக்கதைகளைப் படிப்பதும் நல்லது. ஆனால் அவற்றில் பல, படம் வந்த பிறகு படத்தைப் பார்த்துச் செப்பனிடப்பட்டவை. எழுத்தாளர் படப்பிடிப்புக்கு முன் கையில் வைத்திருந்த தாள் எப்படி இருந்தது என்பதை அவை சொல்வதில்லை.

பயிற்சி வகுப்பு என்பதில் மிக வேறுபட்ட இரண்டு வகைகள் அடங்கும். முதல் வகை முழுநேரப் படிப்பு. புனேவில் 1960இல் தொடங்கப்பட்ட திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் திரைக்கதைக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது. இரண்டாம் வகை, வார இறுதிகளில் நடக்கும் குறுகிய காலப் பட்டறைகள். முழுநேரப் படிப்பில் நான் சேர்ந்ததில்லை. அங்கே படித்த நண்பர்கள் சொல்லக் கேட்டதை வைத்தே பேசுகிறேன். ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் உடனிருந்து, ஒரே திரைக்கதையின் முதல் வரைவையும் நான்காம் வரைவையும் படித்துக் குறை சொல்கிறார் என்றால் அதற்கு இணையான வழி வேறு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். இடமும் வயதும் குடும்பச் சூழலும் இடம்கொடுத்து, நுழைவுத் தேர்விலும் தேறியவர்கள் அதை விட வேண்டாம்.

ஆனால் பெரும்பாலானோருக்குக் கைக்கு எட்டுவது இரண்டாம் வகைதான். அதில் நான் கலந்துகொண்டிருக்கிறேன். அனுபவமுள்ள ஒருவர் பேசுவதைக் கேட்பதில் கிடைக்கும் ஊக்கம் உண்மையானது. குறித்த நாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் நல்லது. எனினும் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். ஒருவரின் முதல் வரைவைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் பட்டறை முடிந்துவிடுகிறது. இரண்டாம் வரைவை யாரும் பார்ப்பதில்லை. தவறு எது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுத் திருத்தினோம் என்றால், அந்தத் திருத்தம் சரியானதா என்று தெரிந்தால் மட்டுமே பாடம் முழுமையாகும். எனவே ஒரு பட்டறையில் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, யார் வந்து பேசுகிறார்கள் என்பதல்ல. என் இரண்டாம் வரைவை யார் படிப்பார்கள் என்பதே.

உதவி இயக்குநராகச் சேர்வது தமிழ்த் திரையுலகின் மரபான கல்வி. பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ், பாக்யராஜிடமிருந்து பார்த்திபனும் பாண்டியராஜனும் என்று நீளும் வரிசையையும், பாலு மகேந்திராவிடமிருந்து பாலாவும் வெற்றிமாறனும் வந்ததையும் அறிந்த எவரும் அந்த மரபைக் குறைத்துப் பேச மாட்டார்கள். எழுதிய ஒரு வரி படப்பிடிப்புத் தளத்தில் என்ன ஆகிறது என்பதை வேறெங்கும் கற்க முடியாது. “மழை பெய்கிறது” என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டுப் போகிற காட்சிக்குத் தண்ணீர் லாரியும் இரவு வாடகையும் எத்தனை பேரின் உழைப்பும் தேவைப்படுகின்றன என்பதை ஒரு முறை நேரில் பார்த்தவர், அடுத்த முறை மழையை எழுதும்போது அது கதைக்கு வேண்டுமா என்று யோசித்தே எழுதுவார்.

ஆனால் என் அளவுகோலுக்கு இந்த வழி எளிதில் பொருந்துவதில்லை. தளத்தில் ஒரு காட்சி மாறுவதற்குப் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. நடிகரின் தேதி, கிடைத்த இடம், மாலை மங்கும் வெளிச்சம், தயாரிப்பாளரின் கவலை, காட்சி எழுத்திலேயே இருந்த பலவீனம் என்று எல்லாம் கலந்துதான் அந்த மாற்றம் நிகழ்கிறது. பக்கத்தில் நின்று பார்க்கும் புதியவருக்கு இவற்றில் எது எழுத்தின் குறை என்று பிரித்தறிய நெடுங்காலம் ஆகும். உதவி இயக்குநரின் நாள் கண்டினியூட்டி (ஒரு காட்சியின் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது), உடை, துணை நடிகர்களை ஒழுங்குபடுத்துதல் என்று கரைந்துவிடுகிறது. சொந்தமாக ஒரு பக்கம் எழுதுவதற்கு இரவில்தான் நேரம். கதை விவாதத்தில் உட்கார வாய்ப்புக் கிடைத்தாலும், அங்கே மதிப்பு வாயால் சொல்லும் திறனுக்கு. நன்றாகச் சொல்லத் தெரிந்தவரின் பலவீனமான காட்சி அறையில் கைதட்டு வாங்கிவிடும். தாளில் எழுதிப் பார்க்கும்போதுதான் அதில் ஒன்றுமில்லை என்று தெரியும். ஓரிரு படங்களில் குறுகிய காலம் அருகிலிருந்து பார்த்ததை வைத்தே இதைச் சொல்கிறேன். பல ஆண்டுகள் ஒரே இயக்குநரிடம் இருந்தவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். இயக்கமே இலக்கு என்றால் இந்த வழி தவிர்க்க முடியாதது.

குறும்படம் எடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி வழியாக நலன் குமரசாமி, கார்த்திக் சுப்பராஜ் போன்றவர்கள் வந்த பிறகு இந்த வழியின் மதிப்பை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் திரைக்கதை கற்பதற்கு மட்டும் என்று பார்த்தால், முதல் குறும்படத்தில் ஒலி சரியாக இருக்காது, நண்பர் நடித்திருப்பார், வெளிச்சம் குறைந்திருக்கும். இத்தனைக்கும் அடியில் திரைக்கதையின் தவறு மறைந்துகொள்ளும். படம் சரியாக வரவில்லை என்பது தெரியும், எழுத்தில் என்ன தவறு என்பது தெரியாது.

இனி நான் சாய்ந்திருக்கும் வழி. சிறுகதையை மாற்றி எழுதுவதன் பெரிய நன்மை, கதை நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியை அது முதலிலேயே நீக்கிவிடுகிறது. பல பத்தாண்டுகளாக வாசகர்கள் கொண்டாடிவரும் ஒரு கதையை எடுத்து நான் எழுதிய திரைக்கதை கேட்பவரைத் தொடவில்லை என்றால் குறை கதையில் இல்லை. அது என் காட்சி அமைப்பில் இருக்கிறது, அல்லது வசனத்தில் இருக்கிறது. மூலக் கதை பக்கத்திலேயே கிடப்பதால் அந்தக் குறை எந்த இடத்தில் நுழைந்தது என்பதையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடிகிறது. தைக்கக் கற்கிறவருக்கு முதலில் வெட்டிய துணியைக் கொடுப்பதைப் போன்றது இது. தையல் கோணினால் கை கோணியது என்று தெரிந்துவிடும்.

இது புதிய முறை அல்ல. பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்காகக் குறும்படங்களாக்கிய ‘கதை நேரம்’ பலருக்கும் நினைவிருக்கும். அவரிடம் இருந்த வெற்றிமாறன் பின்னர் மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலிலிருந்து ‘விசாரணை’யையும், பூமணியின் ‘வெக்கை’யிலிருந்து ‘அசுர’னையும், ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையிலிருந்து ‘விடுதலை’யையும் எடுத்தார். ஒரு சிறுகதையை விதையாகக் கொண்டு இரண்டு பாகப் படம் எழுத முடிகிறது என்பது, தழுவி எழுதுவது கற்பனை குறைந்தவர்களின் வேலை என்ற எண்ணத்துக்கு நல்ல பதில்.

செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பலன் முழுவதும் அதில்தான் இருக்கிறது. அச்சில் பத்துப் பக்கத்துக்கு மிகாத ஒரு கதையை எடுத்து, இரண்டு முறை படித்து, மூடி வைத்துவிட வேண்டும். புத்தகத்தைப் பார்க்காமல் காட்சிகளின் பட்டியலை, அதாவது சீன் ஆர்டரை, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே வரியாக எழுத வேண்டும். அந்த வரியில் நிகழ்வு மட்டும் இருந்தால் போதாது. அந்தக் காட்சியில் எது மாறுகிறது என்பதும் இருக்க வேண்டும். மாற்றம் எதுவும் எழுத வராத காட்சியை அப்போதே வேறொன்றோடு சேர்த்துவிடலாம். பிறகு முழுத் திரைக்கதையை எழுதி, மூலக் கதையைப் படித்திராத இரண்டு மூன்று பேருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது விளக்கம் சொல்லக் கூடாது. தாளில் உள்ளதை மட்டும் வாசிக்க வேண்டும். முடிந்ததும் பிடித்திருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அன்பு காரணமாக எல்லோரும் பிடித்திருக்கிறது என்றே சொல்வார்கள். கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் கதை மூலக் கதையிலிருந்து எந்த இடத்தில் விலகுகிறதோ, எந்த இடத்தை அவர்கள் சொல்லாமல் தாண்டிப் போகிறார்களோ, அங்கே என் திரைக்கதை பழுதுபட்டிருக்கிறது. வேறு எந்த வழியிலும் இவ்வளவு குறிப்பாகத் தவறின் இருப்பிடம் எனக்குத் தெரிந்ததில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ இந்தப் பயிற்சிக்கு மிகப் பொருத்தமான முதல் கதை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் வசதியான வீட்டுச் சிறுவனும் தங்களிடம் இருப்பதை ஒப்பிட்டுப் பேசும் பேச்சு, தீபாவளிக்கு முந்தைய இரவு ஆதரவற்ற ஒரு சிறுவன் அந்த ஏழை வீட்டுக்கு வந்து சேர்வது, தாய் அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்வது என்று கதையின் பெரும்பகுதி ஏற்கெனவே செயலாகவும் பேச்சாகவும் இருக்கிறது. ஆனால் வீட்டுத் தலைவருக்கென்று வைத்திருந்த துண்டு அந்தச் சிறுவனிடம் போய்ச் சேரும் இடத்தின் கனத்தைத் திரைக்கதையில் வாங்குவது எளிதல்ல. அந்தத் துண்டு யாருக்காக வாங்கப்பட்டது, அந்த வீட்டில் ஒரு புதுத் துணி எவ்வளவு அரிது என்பவற்றை முன்னமே, பாடம் நடத்துவது போலில்லாமல், ஒரு காட்சிக்குள் போட்டு வைத்திருந்தால்தான் பின்னால் அது தொடும். கேட்டவர் கதையைத் திருப்பிச் சொல்லும்போது “அந்தப் பையனுக்கு ஒரு துண்டு கொடுக்கிறார்கள்” என்று சாதாரணமாகத் தாண்டிவிட்டால், முன்னமே போட வேண்டியதைப் போடவில்லை, அல்லது காதில் விழாதபடி போட்டிருக்கிறோம் என்று பொருள். எந்தக் காட்சியைத் திறந்து திருத்த வேண்டும் என்பதுகூட அப்போதே தெரிந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான கதை புதுமைப்பித்தனின் ‘மனித யந்திரம்’. கடைக் கணக்கெழுதியே காலத்தைக் கழித்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்னும் குமாஸ்தா, ஓர் இரவு கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடத் துணிந்து, ரயில் நிலையம் வரை சென்று, முடியாமல் திரும்பி வந்து பணத்தை வைத்துவிடுகிறார். போராட்டம் முழுவதும் மனத்துக்குள் நடக்கிறது. புதிதாக எழுதுகிறவர் முதலில் செய்வது “பிள்ளையின் மனம் பதறியது” என்று எழுதுவது, அல்லது அவர் குரலையே பின்னணியில் பேச வைப்பது. முதலாவதைப் படம் பிடிக்க முடியாது. இரண்டாவது சிறுகதையை உரக்க வாசிப்பதே தவிர வேறில்லை. பின்னணிக் குரல் கிடையாது என்ற நிபந்தனையை எனக்கு நானே விதித்துக்கொண்டபோதுதான், பணத்தை எடுக்கும்போதுகூட அவர் கை பழக்கத்தால் அதை ஒழுங்காக அடுக்குவது, பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பது, நடைமேடையில் யாரும் பார்க்காதபோதும் மடியைத் தொட்டுப் பார்ப்பது என்று செயல்களைத் தேட வேண்டியிருந்தது. இவை மூலக் கதையில் உள்ளவை அல்ல, நான் எழுதிச் சேர்த்தவை. தேவையானவையா என்பதை அடுத்த வாசிப்பில் கேட்பவர்களின் மறுகூறலே தீர்மானிக்கிறது. காணவும் கேட்கவும் முடிகிறதை மட்டும் எழுது என்ற விதியை எந்தப் புத்தகமும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடும். அதன் கடுமையை இப்படி ஒரு கதை கையில் இருக்கும்போதே உணர முடிகிறது.

மூன்றாவது நான்காவது கதையிலிருந்து மூலத்தை விட்டு விலகத் தொடங்கலாம். வேறொரு பாத்திரத்தின் பார்வையில் எழுதலாம், காலத்தை மாற்றலாம், முடிவிலிருந்து தொடங்கலாம். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை அடியாகக் கொண்டது என்பதை அறிந்து இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர், ஒரு திரைக்கதை தன் மூலத்திலிருந்து எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதையும், அவ்வளவு தூரம் சென்ற பிறகும் எதை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறது என்பதையும் காண்பார். நானாக இருந்தால் முழுவதும் எழுதப் பழகிய பிறகே அந்த ஒப்பீட்டைச் செய்யச் சொல்வேன்.

செலவு என்று பார்த்தால் இந்த வழியில் தாளும் தேநீரும்தான். ஆனால் ஒன்று தவறாமல் வேண்டும்: வாசிக்கக் கேட்டு நேர்மையாகத் திருப்பிச் சொல்லும் ஆட்கள். அவர்கள் திரைத்துறையைச் சேர்ந்தவர்களாக இல்லாமலிருப்பதே நல்லது. துறையில் இருப்பவர்கள் விடுபட்ட இடங்களைத் தங்கள் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டு கதையைச் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். ஒரே ஆட்களைத் தொடர்ந்து பயன்படுத்தினாலும் அவர்களுக்கு என் பழக்கங்கள் தெரிந்துவிடும். உரிமை பற்றியும் ஒரு சொல். வீட்டில் எழுதிப் பழகுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. படமாக எடுத்துப் பொதுவில் வெளியிட நினைத்தால்தான் அந்தக் கேள்வி வரும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கிறது. புதுமைப்பித்தன் 1948இலும் சிறுகதை எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலன் (கு.ப.ரா.) 1944இலும் மறைந்தவர்கள் என்பதால் அவர்களின் கதைகளுக்கு அந்தத் தடை இல்லை. 1970இல் மறைந்த அழகிரிசாமியின் கதையை எடுக்க நினைப்பவர் முதலில் உரிமை நிலையை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழி தராதவற்றையும் சொல்ல வேண்டும். இது கதை கண்டுபிடிக்கக் கற்றுத் தருவதில்லை. சொந்தமாக ஒரு கருவைப் பிடித்து, அது இரண்டரை மணி நேரத்தைத் தாங்குமா என்று எடைபோடும் திறன் இதில் வளராது. எழுபது எண்பது காட்சிகள் கொண்ட படத்தில் இடைவேளையை எங்கே வைப்பது, ஒரு பாடல் கதையை நகர்த்தும்படி எங்கே அமைப்பது, துணைக் கதையை எப்போது விட்டு எப்போது மறுபடி எடுப்பது என்பவை பதினைந்து நிமிடத் திரைக்கதையில் எழாத கேள்விகள். நகைச்சுவை எழுத விரும்புகிறவருக்கு இது எவ்வளவு உதவும் என்பதிலும் எனக்கு உறுதியில்லை. சிரிப்பு எப்போது எழும் என்பது நடிப்பவரின் கால அளவைப் பெரிதும் சார்ந்திருப்பதால், அவர்கள் நான்கு நடிகர்களை உட்கார வைத்து வாசிப்பதும் குறும்படமாக எடுத்துப் பார்ப்பதுமே சரியாக இருக்கலாம். ஏற்கெனவே சிறுகதை எழுதிப் பழகியவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. மூலத்தின் மொழிநடையில் மயங்கி, அதன் வாக்கியங்களையே செயல் வரிகளாக எழுதிவிடுவார்கள். அவர்கள் உரையாடல் மிகுந்த கு.ப.ரா. கதைகளைவிடச் செயல் மிகுந்த கதைகளிலிருந்து தொடங்குவது நல்லது.

முழுநீளப் படத்தின் அமைப்புக்காக இப்போது இன்னொரு பயிற்சியையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பிடித்த ஒரு தமிழ்ப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு காட்சிக்கும் எண், இடம், தொடங்கும் நிமிடம், அதில் மாறுவது என்ன என்று நான்கு கட்டங்களில் எழுதி, முழுப் படத்தையும் சில தாள்களில் விரித்து வைத்துப் பார்ப்பது. நீளமான கதை எப்படி மூச்சு வாங்குகிறது என்பது இதில் தெரிகிறது. எனினும் நான் பார்த்து எழுதுவது படத்தொகுப்பாளரின் கைபட்ட பிறகு எஞ்சிய வடிவம். எழுதப்பட்டு, எடுக்கப்பட்டு, வெட்டப்பட்ட காட்சிகள் அதில் இல்லை. எனவே இதை முதல் வழியாக யாருக்கும் சொல்ல மாட்டேன். நான்கைந்து தழுவல்களை இரண்டு வரைவுகளாவது எழுதி முடித்தவர் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். இது என் சொந்த முழுநீளத் திரைக்கதைக்கு எவ்வளவு உதவியது என்பதை அதன் இரண்டாம் வரைவை வாசித்துக் காட்டிய பிறகுதான் என்னால் சொல்ல முடியும்.